லஞ்சத்தை வெறுப்பவர்களே ஏன் லஞ்சம் கொடுக்கிறார்கள்?

கேள்வி: பொது நிர்வாகத்தில் முதுகலை ஆய்வு செய்துவருகிறேன். வளரும் நாடுகளில் ஊழல் எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதே என் தலைப்பு. ஊழல் அந்தச் சமூகங்களின் பண்பாட்டிலேயே ஊறிப்போன ஒன்று என்ற கோணத்தில் எழுதும்படி என் நெறியாளர் சொல்கிறார். ஊழல் தரவரிசை என்பதே பணக்கார நாடுகள் ஏழை நாடுகளின் மீது சுமத்திய பார்வை என்று உடன் படிப்பவர்கள் வாதிடுகிறார்கள். நான் பேட்டி கண்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் லஞ்சத்தைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் அடுத்த கேள்வியிலேயே, தேவை வந்தால் தாங்களும் கொடுப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பேட்டிகளை நம்பி எழுதலாமா? எந்தக் கோணத்தை எடுத்துக்கொள்வது?

— ஓர் ஆய்வு மாணவி

பதில்:

உங்கள் பேட்டிகளில் தென்பட்ட முரண்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். நெறியாளரின் கருத்தையும் நண்பர்களின் கருத்தையும் விட அதில்தான் உங்கள் ஆய்வின் உயிர் இருக்கிறது. லஞ்சம் தவறு என்று மனதார நம்பும் ஒருவர் லஞ்சம் கொடுப்பதாலேயே அவர் பொய்யர் ஆகிவிடுவதில்லை. முதல் கேள்விக்கு அவர் சொன்னது, எது நியாயம் என்பது பற்றிய பதில். இரண்டாவது கேள்விக்குச் சொன்னது, சுற்றியுள்ளவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதைக் கணித்து, அந்தச் சூழலில் தன்னால் என்ன செய்ய முடியும் என்பது பற்றிய பதில். பிரசவ வலியில் துடிக்கும் மனைவியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துவரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் பணம் கொடுத்தே கவனிப்பைப் பெறுகிற இடத்தில், தான் ஒருவர் மட்டும் மறுப்பதால் ஊழல் குறையப்போவதில்லை, தன் மனைவி கூடுதல் நேரம் காத்துக் கிடப்பதுதான் நடக்கும் என்பதை அவர் நன்றாக அறிவார். அவருடைய ஒழுக்க உணர்வில் குறை காண்பது நியாயமும் ஆகாது, நல்ல ஆய்வும் ஆகாது.

இதே நிலையைக் கென்யாவிலும் உகாண்டாவிலும் நடத்திய பேட்டிகளின் வழியாக அன்னா பெர்சன், போ ரோத்ஸ்டைன், யான் தியோரெல் ஆகிய ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-ல் விரிவாக எழுதினார்கள். ஊழல் எங்கும் பரவிய இடத்தில் மக்கள் அதை ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் மற்ற அனைவரும் அப்படியே நடப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு உறுதியாக இருக்கும்வரை, நேர்மையாக நடப்பவர் மட்டும் இழப்பைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதே அவர்கள் கண்டது. அவர்களுடைய வாதத்தின் கூர்மை அதுவரை கோலோச்சிய கோட்பாட்டோடு வைத்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். ராபர்ட் கிளிட்கார்ட் 1988-ல் முன்வைத்த புகழ்பெற்ற சூத்திரத்தின்படி, ஏகபோக அதிகாரமும் தன்விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமையும் சேர்ந்து, பொறுப்புக் கூறும் கடமை இல்லாமல் போகும்போது ஊழல் பிறக்கிறது. இது தவறான கருத்து அல்ல. தனித்தனி அலுவலகங்களைச் சீர்திருத்த இன்றும் பயன்படுகிறது. ஆயினும், தவறு செய்யும் ஊழியருக்கு மேலே தவறைத் தடுக்க விரும்பும் மேலதிகாரி ஒருவர் எப்போதும் இருக்கிறார் என்ற அனுமானம் அதற்குள் மறைந்திருக்கிறது. அந்த மேலதிகாரிக்கே பங்கு போகிறது என்றால், கண்காணிப்பை அதிகரிப்பது பங்கு கேட்பவர்களின் எண்ணிக்கையை அதிகரிப்பதாகவே முடியும்.

மேலே பங்கு போவது எப்படி என்பதை ராபர்ட் வேட் 1982-ல் வெளியிட்ட, தென்னிந்தியப் பாசனக் கால்வாய் நிர்வாகம் பற்றிய கட்டுரையைப் போலத் தெளிவாகக் காட்டிய எழுத்து எனக்குத் தெரிந்து வேறில்லை. நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டியது அது. பொறியாளர்கள் வருவாய் தரும் பணியிடங்களைப் பெறப் பணம் கொடுத்தார்கள். கொடுத்ததை ஒப்பந்ததாரர்களிடமிருந்தும் தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளிடமிருந்தும் திரும்ப எடுத்தார்கள். அதில் ஒரு பகுதி மேலதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் சென்றது. தேர்தல் செலவுக்கும் அந்தப் பணமே ஊற்றாக இருந்தது. பங்கு அனுப்பாத அதிகாரியைப் பணியிட மாற்றம் என்ற ஒரே ஓர் ஆணையால் அப்புறப்படுத்த முடிந்தது. இங்கே ஊழல் என்பது விதி மீறலாக இல்லை. எழுதப்படாத, ஆனால் எழுதப்பட்டதைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றப்படும் விதியாக இருந்தது. இந்த வரிசையின் கடைசியில் நின்று கைநீட்டும் சிப்பந்தியை மட்டும் பிடித்துத் தண்டித்துவிட்டு ஊழலை ஒழித்ததாக அறிக்கை வெளியிடுவதை, அரசு அலுவலக நடைமுறைகளை ஆராயும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் வருத்தத்தோடு மட்டுமே பார்க்க முடிகிறது.

இனி உங்கள் நெறியாளரின் கருத்து. பண்பாடு என்ற விளக்கம் எளிதாகக் கிடைப்பது. கேட்பவருக்கும் அது உடனே பிடித்துப்போகும். அதற்கு ஆதரவாகக் காட்டப்படும் சான்றுகளும் இருக்கின்றன. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கு வந்த தூதரக அலுவலர்கள், சட்டப் பாதுகாப்பு இருந்த காலத்தில், வாகன நிறுத்த அபராதங்களைச் செலுத்தாமல் விட்டதை ரேமண்ட் ஃபிஸ்மனும் எட்வர்ட் மிகேலும் ஆராய்ந்தார்கள். ஊழல் மிகுந்ததாகக் கருதப்படும் நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகமாகப் பாக்கி வைத்திருந்தார்கள். இந்த முடிவை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் அதன் இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 2002-ல் அபராதம் கட்டாதவர்களின் தூதரக வாகன எண் பலகைகளைப் பறிக்கும் அதிகாரம் நகர நிர்வாகத்துக்குக் கிடைத்தவுடன், அந்த மீறல்கள் மிகப் பெருமளவில் குறைந்துபோயின. பழக்கத்துக்கு வலிமை உண்டு என்பதும், விதி உண்மையாகவே செயல்படத் தொடங்கினால் பழக்கம் விரைவில் விலகும் என்பதும் ஒரே ஆய்வில் சேர்ந்தே கிடைக்கின்றன.

ஹாங்காங்கின் கதை இதைவிடப் பெரிய சான்று. 1970-களின் தொடக்கத்தில் அங்கே காவல்துறை முதல் பல பொதுச் சேவைகள் வரை லஞ்சம் ஊடுருவியிருந்தது. விசாரணைக்கு உள்ளான பீட்டர் காட்பர் என்ற உயர் காவல் அதிகாரி 1973-ல் தப்பி ஓடியபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு, காவல்துறைக்குக் கட்டுப்படாத சுதந்திரமான ஊழல் தடுப்பு ஆணையம் நிறுவப்பட்டது. காட்பர் ஓர் ஆங்கிலேயர் என்பதையும், போராடியவர்கள் லஞ்சம் பண்பாட்டில் ஊறியதாகக் கூறப்பட்ட அதே சமூகத்தினர் என்பதையும் கவனியுங்கள். ஆணையத்தின் பாதையும் எளிதாக இருக்கவில்லை. 1977-ல் காவலர்களே கிளர்ந்தெழுந்தபோது, பழைய குற்றங்கள் பலவற்றுக்கு ஒரு பகுதி மன்னிப்பை ஆளுநர் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு தலைமுறைக்குள் மக்களின் எதிர்பார்ப்பு மாறியது. மறுபக்கம், பிரிட்டனில் இராணுவ அதிகாரிப் பதவிகள் 1871 வரை விலைக்கு விற்கப்பட்டன. அமெரிக்காவில் கட்சிக்கு உழைத்தவர்களுக்கு அரசு வேலைகளைப் பங்கிடும் முறைக்கு 1883-ல் வந்த பெண்டில்டன் சட்டம்தான் கடிவாளம் போடத் தொடங்கியது. அந்தச் சமூகங்களின் பண்பாடு லஞ்சத்துக்கு உரியது என்று யாரும் இன்று எழுதுவதில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு, சமூக உறவுகளுக்கு ஊழலில் பங்கே இல்லை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. நைஜீரியச் சமூகவியல் அறிஞர் பீட்டர் எக்கே 1975-ல் எழுதிய கட்டுரை இங்கே மிகவும் உதவும். காலனி ஆட்சி விட்டுச்சென்ற ஆப்பிரிக்க நாடுகளில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பொதுவெளிகளில் வாழ்கிறார் என்பது அவருடைய வாதம். தன் இனக்குழுவும் உறவுகளும் அடங்கிய வெளியில் கடமையுணர்வு கறாராக இருக்கிறது. தன் இனக்குழுச் சங்கத்தின் பணத்தில் கைவைப்பதை அவர் கனவிலும் நினைக்கமாட்டார். அந்நியரின் கருவியாக வந்து சேர்ந்த அரசு என்ற வெளியிலோ அதே ஒழுக்கக் கட்டுப்பாடு செயல்படுவதில்லை. அங்கிருந்து எடுத்துத் தன் மக்களுக்குக் கொடுப்பவர் பாராட்டப்படவும் செய்கிறார். இவர்களுக்குப் பொதுப்பணம் என்ற உணர்வே கிடையாது என்ற பழிக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு இல்லை. உணர்வு இருக்கிறது, அது வேறிடத்தில் வேரூன்றியிருக்கிறது, அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. உங்கள் நெறியாளர் பண்பாடு என்று சொல்வதை இந்த அளவுக்கு வரலாற்றோடு சேர்த்து எழுதினால், அவரோடு மோத வேண்டிய அவசியம்கூட ஏற்படாது.

உடன் படிப்பவர்களின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி மிகவும் முக்கியமானது. வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கிய முதல் சட்டம் அமெரிக்காவில் 1977-ல்தான் வந்தது. அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் அரசியல் முறைகேட்டு விசாரணைகளின் தொடர்ச்சியாக நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அப்படிப் பணம் கொடுத்தது வெளிவந்ததே அதற்குக் காரணம். ஜெர்மனியில் 1990-களின் இறுதிவரை, வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிச்சலுகை பெற முடிந்தது. வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 1997-ல் ஓர் உடன்படிக்கை செய்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. 2008-ல் சீமென்ஸ் நிறுவனம் பல நாடுகளில் லஞ்சம் கொடுத்த வழக்குகளுக்காக அமெரிக்க, ஜெர்மானிய அதிகாரிகளுக்குச் சுமார் 160 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. மலேசியாவின் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியிலிருந்து பெரும் தொகை சுருட்டப்பட்ட விவகாரத்தில், அந்த நிதிக்காகக் கடன் பத்திரங்களை விற்றுக்கொடுத்த கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி 2020-ல் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் அதிகாரிகளுக்கு 290 கோடி டாலருக்கு மேல் செலுத்த ஒப்புக்கொண்டது. வாங்கும் கை ஏழை நாட்டில் இருந்தால், கொடுக்கும் கையும் பணத்தைப் பதுக்கி வைக்கும் கணக்கும் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கின்றன.

பெர்லினில் 1993-ல் தொடங்கப்பட்ட டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பு 1995 முதல் வெளியிடும் ஊழல் குறித்த கருத்துநிலைக் குறியீட்டில் இந்த மறுபாதி இடம்பெறுவதில்லை. நிபுணர்களும் தொழில் வட்டாரத்தினரும் ஒரு நாட்டின் அரசுத் துறையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அது தொகுக்கிறது. கொள்ளைப் பணத்தைத் தன் வங்கிகளில் ஏற்றுக்கொள்ளும் நாடு அதில் மிகத் தூய்மையான நாடாகத் தோன்ற முடியும். ஒரு வாக்காளரோ நோயாளியோ கடந்த ஆண்டு என்ன கொடுத்தார் என்பதும் அந்த எண்ணில் இல்லை. அதை அறிய அதே அமைப்பு நடத்தும் உலக ஊழல் அளவீடு என்ற தனி மக்கள் கணக்கெடுப்பைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே குறியீட்டை உங்கள் ஆய்வில் பயன்படுத்துங்கள், ஆனால் அது எதை அளக்கிறதோ அதற்கு மட்டும்.

மக்களின் கருத்தே சரியான அளவுகோல் என்று அடுத்த எல்லைக்குப் போவதும் ஆபத்துதான். இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் போடப்பட்ட சாலைகளைத் தோண்டிப் பார்த்து, கணக்கில் காட்டிய பொருளுக்கும் உண்மையில் போட்ட பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெஞ்சமின் ஓல்கன் அளந்தார். கிராமத்தவர்களின் சந்தேகத்துக்கும் உண்மையான இழப்புக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது பலவீனமான தொடர்பு. பொருள்களின் விலையை ஏற்றிக் காட்டியதை அவர்களால் ஓரளவு கண்டுகொள்ள முடிந்தது; மணலும் கல்லும் எவ்வளவு குறைவாகப் போடப்பட்டன என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. திருட்டும் பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடத்திலேயே நடந்தது. அந்தத் திட்டங்களில் தணிக்கை நிச்சயம் நடக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தபோது காணாமல் போகும் செலவு ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது என்பது அவருடைய மற்றொரு முடிவு. மேலதிகாரியை நம்ப முடியாது என்று முன்னர் எழுதியதற்கு இது முரணாகத் தோன்றலாம்; அங்கே தணிக்கை செய்தது கிராமத் திட்டத்தோடு பங்கு உறவு இல்லாத மத்தியத் தணிக்கை அமைப்பு என்பதால்தான் அது பலித்தது என்று கருதுகிறேன்.

நண்பர்களின் வாதத்தில் தவறான பாதி எது என்றால், ஊழல் எதிர்ப்பே இறக்குமதிச் சரக்கு என்ற முடிவு. கானாவில் 1979-ல் ராணுவப் புரட்சி செய்தவர்கள் முன்னாள் ஆட்சித் தலைவர்கள் மூவரை ஊழலின் பெயரால் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கொடுமையை நான் ஒருபோதும் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் மக்களின் கோபம் எந்த அளவுக்குச் சொந்தமானதாகவும் ஆழமானதாகவும் இருந்தது, அதை எவ்வளவு எளிதாக ஆயுதமாக்க முடிந்தது என்பதற்கு அது சான்று. அமைதியான சான்று வேண்டுமென்றால் ராஜஸ்தானைப் பாருங்கள். 1990-களின் நடுவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் கிராமங்களில் மக்கள் விசாரணைகள் நடத்தி, வேலைப் பதிவேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்கள். கட்டப்படாத கட்டடங்களும் வேலைக்கே வராதவர்களின் பெயரில் எடுக்கப்பட்ட கூலியும் அப்படித்தான் அம்பலமாயின. 2005-ல் இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்ததில் அந்த ஏழைத் தொழிலாளர்களின் பங்கு மிகப் பெரியது. அவர்களுக்கு எந்தத் தரவரிசையும் தேவைப்படவில்லை. தங்கள் கூலி எங்கே போனது என்ற கேள்வி போதுமானதாக இருந்தது.

வேறொரு பழைய வாதத்தையும் நீங்கள் எதிர்கொள்ள நேரிடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-களில் நதானியேல் லெஃப், சாமுவேல் ஹண்டிங்டன் போன்றவர்கள், மெத்தனமான நிர்வாகத்தை நகர்த்தும் எண்ணெயாக லஞ்சம் பயன்படலாம் என்று எழுதினார்கள். லஞ்சம் கிடைக்கும் என்று தெரிந்தால் அதிகாரிகள் வேண்டுமென்றே தாமதத்தை உண்டாக்குவார்கள் என்று ஸ்வீடனின் பொருளியல் அறிஞர் குன்னர் மிர்தால் அப்போதே மறுத்தார். அதிகம் லஞ்சம் கொடுக்கும் நிறுவனங்கள் அதிகாரிகளோடு செலவிடும் நேரம் குறைவதில்லை, கூடுகிறது என்று 1990-களின் இறுதியில் டேனியல் காஃப்மனும் ஷாங்-ஜின் வெய்யும் தரவுகளோடு காட்டினார்கள். டெல்லியில் ஓட்டுநர் உரிமம் பெறுவதைப் பற்றி நடந்த பரிசோதனையில், விரைவாக உரிமம் பெற்றால் பரிசுத்தொகை உண்டு என்று சொல்லப்பட்டவர்கள் இடைத்தரகர்களின் உதவியால் விரைவில் உரிமம் பெற்றார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு வண்டி ஓட்டவே தெரியவில்லை. வேகம் கிடைத்தது என்பது உண்மைதான். சாலையில் நடந்து போகிற யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆய்வு எழுதும்போது இந்த டெல்லி உதாரணத்தை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பேட்டிகளைத் திரும்பப் பிரித்துப் பாருங்கள். தனக்கு உரிமையுள்ள சான்றிதழையோ சிகிச்சையையோ பெறக் கொடுத்த பணமும், உரிமையில்லாத ஒன்றைப் பெறக் கொடுத்த பணமும் ஒரே பெயரில் பதிவாகியிருக்கும். ஒன்று பறிக்கப்பட்டது, மற்றொன்று விரும்பிக் கொடுக்கப்பட்டது. இரண்டையும் கலந்து விழுக்காடு கணக்கிட்டால், பறிகொடுத்தவரும் கூட்டாளியும் ஒரே கட்டத்தில் வந்து நிற்பார்கள். டெண்டர், கனிம உரிமம், வரிவிலக்கு ஆகியவற்றில் கைமாறும் பெருந்தொகையைப் பற்றிச் சாதாரணக் குடிமகனிடம் கேட்டுப் பயனில்லை என்பதையும் வரம்பாக எழுதிவிடுங்கள்.

மீண்டும் பேட்டி எடுக்க வாய்ப்பு இருந்தால், லஞ்சம் கொடுப்பீர்களா என்று கேட்காதீர்கள். கடைசியாக அந்த அலுவலகத்துக்குப் போனபோது என்ன நடந்தது, யார் முதலில் பணத்தைப் பற்றிப் பேசினார்கள், கொடுக்காமல் போனவர் யாரையாவது தெரியுமா, அவருக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். கேள்விக்கு முன்னால் நாட்டில் ஊழல் பெருகிவிட்டது என்பது போன்ற முன்னுரை எதையும் சேர்க்க வேண்டாம். கோஸ்டாரிகாவில் நடந்த ஆய்வில், ஊழல் அதிகரித்துவருகிறது என்ற தகவலைக் கேட்டவர்கள் தாங்களும் லஞ்சம் கொடுக்கக் கூடுதலாக ஆயத்தமானார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஊழல் எதிர்ப்புச் செய்திகளைக் கேட்டவர்களிடமும் எதிர்பாராத விதமாக அதே விளைவு காணப்பட்டது. மற்றவர்கள் எல்லோரும் கொடுக்கிறார்கள் என்ற எண்ணத்தை வலுப்படுத்தும் எந்தச் சொல்லும் உங்கள் விடைகளைத் திரித்துவிடும்.

கடைசியாக, உங்களிடம் மனம் திறந்தவர்களின் பாதுகாப்பு. பல நாடுகளில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். இந்தியாவில் 2018-ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி கொடுப்பவரும் தண்டனைக்கு உரியவர். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே அதிலிருந்து விலக்குப் பெறுவார். எனவே பேட்டிக் குறிப்புகளில் பெயர், அலுவலகத்தின் பெயர், தேதி ஆகியவற்றை நீக்கிவிட்டுக் குறியெண்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறியெண்ணுக்கும் பெயருக்கும் உள்ள பட்டியலைக் குறிப்புகளோடு ஒரே கணினியில் வைக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்த ஒலிப்பதிவுகளை, எழுத்தாக்கிச் சரிபார்த்து முடித்ததும், உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு அழித்துவிடுங்கள்.